பிரேக் ஆயில்

நல்லம்பள்ளி
3.7.2025

மாதவராஜுக்கு,

நிர்மலா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். படித்துவிட்டுக் கிழி.

நீ சத்தியம் செய்தது பேச மாட்டேன் என்றுதான். அப்பாவின் கருமாதி அன்று, உயிலில் கார் எனக்கு என்று படித்ததும், மாரியம்மன் கோயில் முன்னால் சூடம் ஏற்றி உள்ளங்கையால் அடித்து அணைத்தாய். "இனிமே அக்காகூட ஒரு வார்த்தை பேசினா இந்தக் கை வெளங்காமப் போவட்டும்" என்று ஊரே கேட்கக் கத்தினாய். நான் பூசாரி காளியப்பனிடமே போய்க் கேட்டேன். "போன்ல பேசினாலும் பேச்சுதானுங்கம்மா. கடுதாசி வேறங்க, அதுல வாய்க்கு வேலை இல்லைங்க" என்றார். அதனால் எழுதுகிறேன். ஓசூரில் லேத் பட்டறை வைத்துப் பிழைக்கிற உனக்குக் கை எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாதா?

விஷயம் இதுதான். உன் மருமகன் கதிரவனுக்கு ஆகஸ்ட் 29 கல்யாணம். பெண் சோபனா, சேலம். முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்புக்குத் தாத்தாவின் எம்.ஜி. காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் இறங்குவேன் என்று நிற்கிறான். அதுவோ அப்பா போன நாளிலிருந்து கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. தருமபுரியிலிருந்து வந்த மெக்கானிக்குகள் எல்லோரும் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏற்காட்டு எஸ்டேட் வெள்ளைக்காரத் துரை ஓட்டிய ரெண்டு சீட்டு வண்டிக்கு நாங்கள் எங்கே போய் பாகம் தேடுவது என்கிறார்கள். சாவியைத் திருப்பினால் பின்னாலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, அதுவும் வரவில்லை.

கார் என்னிடம் இருக்கிறது. அதன் ஸ்பேனர் பெட்டி உன்னிடம் இருக்கிறது. அப்பா இதைப் பார்த்தால் இருவரையும் செருப்பால் அடிப்பார்.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கார்தான் கேட்கிறது.

நிர்மலா


ஓசூர்
9.7.2025

நிர்மலாதேவி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

டிக் டிக் சத்தம் பெட்ரோல் பம்பிலிருந்து வருவது. வலது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் அடியில் இருக்கும். ரொம்ப நாள் ஓடாமல் நின்றால் அதன் பாயிண்ட் ஒட்டிக்கொள்ளும். சாவியைப் போட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுக்க இறக்க வேண்டும்.

புது பேட்டரி போடும்போது கவனம். மற்ற கார்களில் மைனஸ் பாடிக்குப் போகும். இந்தக் காரில் பிளஸ்தான் பாடிக்குப் போக வேண்டும். வெள்ளைக்காரன் அப்படித்தான் செய்தான், அவனிடம் போய்ச் சண்டை போட முடியாது. மாற்றி மாட்டினால் டைனமோ போய்விடும்.

இரண்டு கார்பரேட்டர்களின் தலையிலும் ஒரு சின்ன மூடி இருக்கும். திருகி எடுத்து உள்ளே இஞ்சின் ஆயில் கொஞ்சம் விட வேண்டும். விடாவிட்டால் வண்டி இழுக்காது, இருமும்.

ஸ்டார்ட் ஆனாலும் ஓட்டக் கூடாது. பிரேக்கைப் பார்க்காமல் கொட்டகையைத் தாண்டக் கூடாது.

ஸ்பேனர் பெட்டி அப்பா உயிரோடு இருக்கும்போது என் கையில் கொடுத்தது. அது உயிலில் இல்லை.

மாதவராஜ்


நல்லம்பள்ளி
20.7.2025

தம்பி மாதவனுக்கு,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாயே, முன்சீப்புக்கு மனு போடுகிற மாதிரி இருந்தது. நான் உனக்கு மூக்குச் சளி துடைத்துவிட்டவள். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த கடிதம் எழுது.

கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது! நம் டிராக்டரைப் பார்க்கிற முனிராஜைத்தான் கடைசியில் கூப்பிட்டேன். பேட்டரியை மற்ற வண்டி மாதிரிதான் மாட்டப் போனான். நான் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். "ஏம்மா, இது என்ன எல்லாம் தலைகீழா இருக்குது?" என்று சிரித்தான். தட்டியதும் பம்ப் டிக் டிக் என்றது. இஞ்சின் ஒரு தடவை இருமி, கொட்டகை முழுக்கப் புகை கக்கி, அப்புறம் சீராக ஓடத் தொடங்கியது. கதிர் குழந்தை மாதிரிக் கை தட்டினான். எனக்கு அழுகை வந்தது, அதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆனால் பிரேக் இல்லை. மிதித்தால் கால் அடிப்பலகை வரை போகிறது. பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது. முனிராஜின் ஸ்பேனர்கள் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. இந்த நட்டுகள் இஞ்ச் கணக்காம். வழுக்கி வழுக்கி ஒரு நட்டின் மூலையே போய்விட்டது.

கதிரிடம் வேறு கார் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. சேலம் போக வேண்டும் என்றால் தொப்பூர்க் கணவாயில் இறங்கித்தான் ஆக வேண்டும். நம் வீட்டு வாசலில் நின்றால் அந்தப் பக்கம் போகிற ஆம்புலன்ஸ் சத்தம் இப்போதும் வாரம் தவறாமல் கேட்கிறது.

பெட்டியை அனுப்பு. கல்யாணம் முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அப்பா மேல் ஆணை.

அக்கா நிர்மலா


ஓசூர்
26.7.2025

அக்காவுக்கு,

ஸ்பேனர் பெட்டியைப் பார்சல் சர்வீஸில் போட்டிருக்கிறேன். தருமபுரி ஆபீஸில் போய் வாங்கிக்கொள். பெங்களூரில் ஒருவரிடம் சொல்லி பிரேக்குக்கு ரப்பர் வாஷர்களும் வாங்கி உள்ளே வைத்திருக்கிறேன். மெலிசானவை. நகத்தால் நெம்ப வேண்டாம் என்று முனிராஜிடம் சொல்.

பிரேக் வேலையை இப்படிச் செய்யச் சொல். மிதிக்கு மேலே இருக்கிற மெயின் சிலிண்டரையும் நாலு சக்கரத்துச் சிலிண்டர்களையும் கழற்றிப் பழைய ரப்பரை எடுத்துவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். பைப்பில் இருக்கிற பழைய பிரேக் ஆயிலை முழுக்க வடித்துவிட வேண்டும். புது பிரேக் ஆயில் ஊற்றி, ஒருவர் மிதிக்க ஒருவர் நட்டைத் திறந்து, குமிழி வராத வரைக்கும் காற்று எடுக்க வேண்டும். பிரேக் ஆயிலைப் பார்சலில் வைத்தால் கசிந்து எல்லாம் வீணாகும். அது எந்தக் கடையிலும் கிடைக்கும், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஓடும் கார்களில் பிரேக்குக்கு இரண்டு வழி இருக்கும். ஒன்று போனாலும் ஒன்று நிறுத்தும். அப்பாவின் காரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே வழிதான். ஓரிடத்தில் விட்டால் நாலும் போச்சு. இதைக் கதிருக்குப் புரிய வை.

தொப்பூரில் பிரேக்கை நம்பி இறங்கக் கூடாது. மேலே ஆஞ்சநேயர் கோயிலிலேயே செகண்ட் கியர் போட்டு அப்படியே இறங்க வேண்டும், இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அப்பா அப்படித்தான் இறங்குவார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

என்னைக் கேட்டால் அந்தக் காரில் போகவே வேண்டாம். என்னைத்தான் கேட்பதில்லையே.

மாதவன்


நல்லம்பள்ளி
9.8.2025

தம்பிக்கு,

பெட்டி வந்தது. திறந்ததும் அப்பாவின் கை வாசனை.

பிரேக் வேலை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நீ எழுதியதை வரிக்கு வரி படித்துச் சொன்னேன், முனிராஜ் செய்தான். நான் மிதித்தேன், அவன் அடியில் படுத்துக் காற்று எடுத்தான். இந்த வயதில் எனக்கு அந்த வேலையும் பழகிவிட்டது. இப்போது மிதித்தால் சொன்ன இடத்தில் நிற்கிறது. கதிர் தினமும் ஏரிக்கரை வரை ஓட்டிப் பார்க்கிறான். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஓடுகிறார்கள். மாமனார் வீட்டுக்கு வீடியோ அனுப்பி ஒரே அமர்க்களம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ரெண்டு மூன்று நாளாக வண்டி மந்தமாக இருக்கிறது. ஓட்டிவிட்டு வந்தால் முன் சக்கரத்துப் பக்கம் தீய்ந்த வாடை. தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. ஏரிக்கரைச் சரிவில் நியூட்ரலில் விட்டால் தானாக உருளும், இப்போது அப்படியே நிற்கிறது. ஆறினால் சரியாகிவிடுகிறது. முனிராஜிடம் கேட்டால், "புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதாம்மா, ஓட ஓடப் படிஞ்சுக்கும்" என்கிறான்.

அப்படித்தானா?

நீ கல்யாணத்துக்கு வருவாயா என்று கேட்க மாட்டேன். பத்திரிகை தனியாக வரும்.

அக்கா


ஓசூர்
14.8.2025

அக்காவுக்கு,

அப்படி இல்லை. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் உள்ளே அழுத்தம் இறங்கவில்லை.

முதலில் ஹேண்ட் பிரேக் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல். ஆனால் அது பின் சக்கரத்துக்குத்தான். முன் சக்கரம் சுடுவதற்கு அது காரணமாக முடியாது. முன்னால் இருக்கிற ரப்பர் ஹோஸ் பழசு, உள்ளே உப்பி அடைத்திருக்கலாம். இது இரண்டாவது. மூன்றாவதாக ஒன்று மனதில் ஓடுகிறது. அதை எழுதும் முன் உன் பதில் வேண்டும்.

மிதியைக் கையால் அமுக்கிப் பார். கொஞ்சம் வெற்றாகப் போய்த்தான் பிடிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் கெட்டியாக இருக்கிறதா? அப்புறம், முனிராஜ் என்ன பிரேக் ஆயில் ஊற்றினான்? டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து அப்படியே எழுது. என்ன நிறம், தண்ணீர் மாதிரி இருந்ததா, கொழகொழவென்று இருந்ததா? நான் அனுப்பியது புது ரப்பர். ஒரு வாரத்தில் கெட்டுப்போக வழியே இல்லை.

பதில் உடனே போடு. அதுவரை வண்டியை எடுக்கக் கூடாது. ஏரிக்கரைக்குக்கூட வேண்டாம்.

நேரில் வந்து பார்த்தால் பத்து நிமிஷ வேலை. வந்தால் உன்னிடம் பேசாமல் இருக்க முடியாது. எனக்குப் பயமாகவும் இருக்கிறது, வீம்பாகவும் இருக்கிறது. இரண்டையும் எழுதிவிட்டேன்.

மாதவன்


நல்லம்பள்ளி
24.8.2025

தம்பிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதம் பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. இன்று காலை கட்டுப் பிரித்தபோதுதான் கிடைத்தது. கல்யாண வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாததா? ஜவுளி, சமையல்காரர், பந்தல்காரர் என்று நான் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டே நாலைந்து நாள் இருக்கும்.

படித்ததும் முனிராஜைக் கூப்பிட்டேன். ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தினான். மிதி கெட்டியாகத்தான் இருக்கிறது, நல்ல கெட்டி. அது நல்லதுதானே? ஆயிலுக்குக் குறையே இல்லை. நம் புது டிராக்டர் ஆயில் பிரேக் வண்டியல்லவா, அதற்கு வாங்கியதில் மீதி இருந்ததைத்தான் ஊற்றியிருக்கிறான். பெரிய மஞ்சள் கேன். எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது, டிராக்டர் படம் போட்டிருக்கிறது. தேன் நிறம், கொழகொழவென்று இருக்கிறது. "பிரேக் ஆயிலுன்னுதானே உங்க தம்பி எழுதியிருக்காரு? ஆயில் பிரேக்குக்குன்னே வர்ற ஆயிலுங்கம்மா இது. கடையில விக்கிற சின்ன டப்பாவவிட ஒசத்தி" என்றான். காசும் வாங்கிக்கொள்ளவில்லை, கதிர் கல்யாணத்துக்கு அவன் செய்ததாக இருக்கட்டும் என்றான்.

நாளை தபாலில் சேர்க்கச் சொல்கிறேன். நீ எழுதியபடி, வியாழக்கிழமை வரை காரைத் தொட வேண்டாம் என்று கதிரிடம் சொல்லிவிட்டேன். அன்று ராகு காலம் கழித்து மூன்று மணிக்கு மேல் கிளம்புகிறோம். காரில் இருப்பது ரெண்டு சீட்டு. ஒன்றில் கதிர், இன்னொன்றில் நான். சொந்தபந்தம் எல்லாம் முன்னாலேயே பஸ்ஸில் போய்விடும்.

உனக்குப் பத்திரிகை வைக்கத் தாம்பாளத்தோடு வர முடியவில்லை. தபாலில் அனுப்பியதற்கு மன்னித்துக்கொள்.

அக்கா


பஸ்ஸில், கிருஷ்ணகிரி தாண்டி
28.8.2025

அக்கா,

காரை எடுக்காதே.

நேற்று பிள்ளையார் சதுர்த்தி, தபால் இல்லை. இன்று காலை பதினொரு மணிக்குத்தான் உன் கடிதம் கைக்கு வந்தது. மஞ்சள் கேன், டிராக்டர் படம் என்று படித்ததும் பட்டறையை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

சத்தியம் கிடக்கட்டும் என்று உனக்குப் போன் போட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், மறுபடியும் எடுக்கவில்லை. கதிருக்குப் போட்டால் ஒரு மணி அடித்துவிட்டுத் துண்டாகிவிடுகிறது. வேறு யார் நம்பரும் என்னிடம் இல்லை, இந்த இரண்டு வருஷத்தில் எல்லாரையும் அறுத்துவிட்டேனே. உனக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது. அதனால் பையில் இருந்த பேப்பரை எடுத்து எழுதுகிறேன். நேரில் உன் கையில் கொடுப்பேன். எனக்குப் பேச வாய் வராவிட்டால் நீ இதைப் படித்துக்கொள்.

அக்கா, காருக்கு ஊற்றுவது எண்ணெயே இல்லை. அது வேறு திரவம். நாம்தான் எல்லாவற்றையும் ஆயில் என்கிறோம். நானும் அப்படித்தான் எழுதினேன், கடைக்காரனிடம் கேட்கிற மாதிரி. அந்த டிராக்டரில் பிரேக் தகடுகள் எண்ணெய்க்குள்ளேயே முங்கி இருக்கும். அந்த வண்டிக்கு அது சரி. நம் காரில் அந்த எண்ணெய் ரப்பரில் பட்டால், ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி ரப்பர் உப்பும். ஒரு வாரத்தில் சக்கரத்தைக் கவ்வும், சூடாகும். மிதி கெட்டியாகும். நீ நல்ல கெட்டி என்று எழுதினாயே, அதுதான். அதற்குமேல் மிதித்தால் உப்பிய ரப்பர் கிழியும். கிழிந்த நிமிஷம் மிதி தரையில் போய் உட்காரும். நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. சமதளத்தில் வண்டி கவ்விக்கொண்டு நிற்கும். தொப்பூர் மாதிரி நீளமான இறக்கத்தில் மிதித்துக்கொண்டே போனால், நிற்கிற வழியே இருக்காது.

மூன்று மணிக்கு மேல்தானே கிளம்புவீர்கள். பஸ் காவேரிப்பட்டணத்தில் நிற்கிறது, டிரைவர் டீ குடிக்கிறார். போய்ச் சட்டையைப் பிடிக்கலாமா என்று இருக்கிறது. எப்படியும் இரண்டு மணிக்குள் உன் வாசலில் இருப்பேன். வாசப்படியையும் மிதிப்பேன், பேசவும் பேசுவேன். கை போனால் போகட்டும்.

மாதவன்


நல்லம்பள்ளி
28.8.2025, மத்தியானம்

என் தம்பி மாதவனுக்கு,

காலையிலிருந்து என் போனில் உன் பேர் வந்துகொண்டே இருக்கிறது. எடுக்கப் போன கையை நானே பிடித்துக்கொண்டேன்.

எனக்குத் தெரியும்டா. கல்யாண நாள் வந்ததும் உன்னால் பொறுக்க முடியவில்லை. என்ன இருந்தாலும் தாய்மாமன், மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவன். என்னோடு பேசிவிட வேண்டும் என்று தவிக்கிறாய். ஆனால் நான் எடுத்தால் நீ பேசுவாய். நீ பேசினால் சூடம் அடித்துச் செய்த சத்தியம் என்ன ஆகும்? அந்தக் கையை வைத்துத்தானே உன் பிழைப்பு. நான் எடுக்க மாட்டேன். காளியப்பனிடம் பேசிவிட்டேன். கல்யாணம் முடிந்ததும் நீ வா, அம்மனுக்கு ஒரு பொங்கல் வைத்துச் சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். அதுவரைக்கும் பொறு. இத்தனை நாள் பொறுத்தோம், இன்னும் ரெண்டு நாள்தானே.

மெசேஜும் அனுப்பியிருக்கிறாய். என் பட்டன் போனில் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. கதிரிடம் காட்டலாம் என்றால் அவன் கையெல்லாம் சந்தனம். அவனுடைய புது போனிலும் பேர் இல்லாத ஏதோ ஒரு நம்பரிலிருந்து விடாமல் போன் வந்ததாம். "லோன் வேணுமான்னு கேக்கறவங்களா இருக்கும்மா, பிளாக் பண்ணிட்டேன்" என்றான்.

காலையில் ஒரு சின்னத் தடங்கல். காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தால் நகரவே இல்லை, நாலு சக்கரமும் இறுகிக்கொண்டது. நல்ல நாளில் இப்படியா என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முனிராஜ் அடியில் படுத்து நட்டுகளைத் திறந்து கொஞ்சம் ஆயிலை வெளியே பீச்சிவிட்டான். உடனே வண்டி லேசாகிவிட்டது, கையால் தள்ளினாலே போகிறது. மிதி முன்பைவிடக் கெட்டியாக இருக்கிறதாம். "கல்லு மாதிரி நிக்கும்மா, பயமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வழியில் மறுபடி இறுகினாலும் நிறுத்தி ஆற வைத்துப் போகலாம் என்று, கிளம்புகிற நேரத்தை முன்னால் மாற்றிவிட்டோம். ஒன்றரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் வாசலைத் தாண்ட வேண்டும். பஸ் அப்போதே போய்விட்டது. பக்கத்து வீட்டு ராஜாமணி மட்டும்தான் வாசலில் நிற்கிறாள், இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன்.

செகண்ட் கியரில் இறங்க வேண்டும் என்று நீ எழுதியதைக் கதிரிடம் படித்துக் காட்டினேன். "பிரேக் இவ்ளோ நல்லா இருக்கறப்ப எதுக்கும்மா இஞ்சின முக்க வெக்கணும்? மாமா பயந்தாங்கொள்ளி" என்று சிரிக்கிறான். மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது, அப்படியே அப்பா ஜாடை. நான் திருஷ்டி கழித்துவிட்டேன்.

நீ நேராகச் சேலம் மண்டபத்துக்கு வந்துவிடு. பேச வேண்டாம், என் பக்கத்தில் வந்து நின்றால் போதும். தாய்மாமன் இடத்தில் வேறு யாரையும் நான் நிறுத்த மாட்டேன்.

மறுபடியும் போன் அடிக்கிறது. சத்தம் கேட்டால் எடுத்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது, அதனால் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். கதிர் ஹாரன் அடிக்கிறான். புடவைத் தலைப்பு காற்றில் பறக்கும், இறுக்கிச் செருகிக்கொள் என்று ராஜாமணி சொல்கிறாள்.

போய் வருகிறேன்.

அக்கா நிர்மலா